நூற்று நாற்பது சுருக்கங்களும் அக்காவின் ஆய்வேடும்

அலுவலகத்தில் அவனுக்குச் சிக்கனம் என்று பட்டப்பெயர். காசைத் தாராளமாகச் செலவழிப்பான். விரலை அசைக்கத்தான் யோசிப்பான். கம்ப்யூட்டர் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. நாள் முழுக்கக் கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்ட வேண்டும். நீளமான கட்டளையை இரண்டாம் தடவை முழுசாகத் தட்டுவது அவனுக்குக் கௌரவக் குறைச்சல். உடனே அதற்கு இரண்டெழுத்தில் ஓர் ஏலியாஸ், அதாவது சுருக்கப் பெயர், வைத்துவிடுவான். இப்படி நூற்று நாற்பது சேர்ந்திருந்தன. ஒவ்வொன்றாலும் நாளுக்கு நாலு விநாடி மிச்சம். பெயர் யோசிக்க ஒரு மத்தியானம் போயிருக்கும்.

அவனுக்கு ரொம்பப் பெருமை, அழிக்கும் கட்டளையை அடக்கி வைத்ததில். அது சொன்ன மாத்திரத்தில் அழித்துவிடும் ரகம். ஒவ்வொரு கோப்புக்கும் 'அழிக்கவா?' என்று கேட்கும்படி அதே பெயரில் ஓர் ஏலியாஸ் போட்டு வழிக்குக் கொண்டுவந்திருந்தான். பிறகு சோம்பல் இன்னொரு படி ஏறியது. வேண்டாததை ஒவ்வொன்றாகத் தேடிப் பெயர் தட்டுவானேன்? எல்லாவற்றையும் அழி என்று சொல்லிவிட்டு, வேண்டியது வரும்போது 'வேண்டாம்' என்றால் போயிற்று. ஆறு வருஷம் இப்படியே ஓடியது.

அக்கா நாலு வருஷமாக ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். இரண்டு முறை தவணை வாங்கியாயிற்று, இனிமேல் கிடையாது. சனிக்கிழமை காலையில் லேப்டாப்பை அவனிடம் நீட்டி, பழைய வரைவுகளாகக் குவிந்து எது கடைசி என்று தனக்கே குழம்புகிறது, சுத்தம் பண்ணிக் கொடு என்றாள். வாராவாரம் அதற்கு நகல் எடுத்து வைப்பதாக ஏற்றுக்கொண்டிருந்தவனும் அவன்தான். நகல் எடுக்க ஓர் ஏலியாஸ் வேண்டுமென்று நினைத்தான். நல்ல பெயர் அமையவில்லை, நகலும் எடுக்கவில்லை.

எல்லாவற்றையும் அழி என்று தட்டிவிட்டுக் கேள்விக்காகக் காத்திருந்தான். கேள்வி வரவில்லை. அவனுடைய ஏலியாஸ்கள் எல்லாம் அவனுடைய கம்ப்யூட்டரில் இருந்தன என்பது அப்போதுதான் உறைத்தது. அழிந்ததை மீட்க மதியம் வரை முட்டி மோதினான். ஒன்றும் தேறவில்லை. இந்த முட்டாள்தனத்துக்குத்தான் இன்னும் சுருக்கப் பெயர் கிடைக்கவில்லை என்று இப்போதும் அவனே சொல்வான்.

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. வழிகாட்டிப் பேராசிரியர் பக்கத்துக்குப் பக்கம் பேனாவால் திருத்திக் கொடுத்த அச்சுப் பிரதி அலமாரியில் இருந்தது. தொண்ணூற்றிரண்டு பக்கம். அதை எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் படிக்கிறேன். நீ அடி."

ஞாயிறு சாயங்காலம் நன்றியுரைக்கு வந்தபோது அவனுடைய மணிக்கட்டு வீங்கியிருந்தது. அக்கா குரல் மாறாமல் படித்தாள்: "இத்தனை வருஷமும் என் எழுத்தைப் பத்திரமாகக் காத்துத் தந்த என் தம்பிக்கு..."

விரல் நின்றுவிட்டது. "இத மட்டும் எடுத்துடலாம்க்கா."

"ஒரு எழுத்து விடாம அடி."

அடித்தான். கண்ணீர் மறைத்ததில் இரண்டு இடத்தில் பிழை வந்தது. அதையும் திருத்தினான்.