பெரிய பாதி

எண்பதுகளின் நடுப்பகுதி. கோலாலம்பூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டு. மத்தியானம், நோயாளிகளைப் பார்க்க ஆட்களை விடுகிற நேரம். என் கணவர் கட்டிலில் சாய்ந்திருந்தார், பக்கத்தில் முக்காலியில் நான். எதிரில் உட்கார்ந்திருந்த ஒரு இளம் டாக்டர் பெண் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் வாயே திறக்கவில்லை. ஆனாலும் அதற்குக் கிடைத்த பதில் இன்றுவரை என்னை விடவில்லை. கொஞ்சம் முன்னாலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்குப் புரியும்.

நாங்கள் அப்போது போர்ட் கிள்ளானில், கம்பம் என்கிற கிராமத்துக் குடியிருப்பில், ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அவர் துறைமுகத்துக் கோடவுனில் மூட்டை இறக்குகிறவர். எனக்கு சுங்கைவேயில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. ஷிப்ட் முழுக்க மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு தலைமுடியைவிட மெல்லிய கம்பியை ஒட்டவேண்டும். கம்பெனி பஸ்ஸில் திரும்பி வரும்போது கண்ணுக்குப் பின்னால் யாரோ ஆணி அடிப்பது போலிருக்கும். அவருக்கோ முதுகு, தோள், அதோடு வெயில் தலைவலி. எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்த நாள் உண்டு, தலைவலித் தூள் தீர்ந்த நாள் கிடையாது.

சீனர் கடையில் மிட்டாய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் சரம் சரமாகத் தொங்கும். சின்னக் காகிதப் பொட்டலம். பிரித்து நாக்கில் கொட்டி, மேலே சூடாகப் பால் சேர்க்காத கோப்பி ஓ ஊற்றினால் போதும், கொஞ்ச நேரத்தில் தலை லேசாகிவிடும். கோடவுனில் வேலை ஆரம்பிக்கும் முன் ஒருவருக்கொருவர் அதை நீட்டுவார்களாம், வெற்றிலை நீட்டுகிற மாதிரி. அதை மருந்து என்றே யாரும் நினைக்கவில்லை.

எங்களுடையது பெரியவர்கள் பார்த்துச் செய்த கல்யாணம். புதிதில் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்காது. அவர் கூரையைப் பார்ப்பார், நான் அடுப்பைப் பார்ப்பேன். ஒருநாள் காலை நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, தன் பொட்டலத்தைப் பிரித்து மேசையில் வைத்தார். ஒரு தீக்குச்சியால் தூளின் நடுவே கோடு போட்டு, பாதியை என் பக்கம் தள்ளினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காலை அப்படித்தான் விடியும். கோடு மட்டும் நேராக விழாது. பெரிய பாதி எப்போதும் எனக்கு. "நீ கண்ணால வேலை செய்யிறவ, நான் உடம்பாலதானே" என்பார். பூ வாங்கித் தரத் தெரியாத மனுஷன். அவருக்குத் தெரிந்த கொஞ்சல் அதுதான். சிரிக்காதீர்கள், எனக்கு அது போதுமானதாக இருந்தது.

வருஷங்கள் ஓடின. ஒருநாள் சிறுநீரில் ரத்தம் போவதாகச் சொன்னார். சொன்னதுமே அவரே வைத்தியமும் சொல்லிவிட்டார். "எல்லாம் சூடு. பார்லி தண்ணி குடிச்சா சரியாயிடும் லா." பார்லி குடித்தார், இளநீர் குடித்தார். ரத்தம் நின்றது, திரும்ப வந்தது. இடுப்பில் வலி என்றார். அதற்கும் அந்தத் தூளைத்தான் சாப்பிட்டார். கடைசியில் நான் சண்டை போட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். சிறுநீரகத்தை ஒட்டிய குழாயில் புற்றுநோய் என்றார்கள். ஒரு பக்கத்துச் சிறுநீரகத்தையே எடுத்தார்கள். அதற்குள் வேறு இடத்துக்கும் பரவிவிட்டது.

அந்த நாட்களில் எனக்கு இருந்த வெறி என்னவென்றால், காரணம் தெரியவேண்டும். வந்து பார்த்த சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ரகசியமாகக் குடித்திருப்பார் என்றார் ஒருவர். அவர் கள்ளைக்கூட மோந்து பார்க்காதவர். வீட்டு வாசல் பார்த்த திசை சரியில்லை என்றார் இன்னொருவர். நான் வந்த ராசி என்று யாரும் என் காதுபடச் சொல்லவில்லை, அவ்வளவுதான் புண்ணியம்.

அப்போதுதான் அந்த டாக்டர் பெண் வந்தார். பிரிக்ஃபீல்ட்ஸில் வீடு, யாழ்ப்பாணத்துக் குடும்பம் என்று பேச்சிலேயே தெரிந்தது. வார்டில் இந்த மாதிரி நோய் உள்ளவர்களிடம் எல்லாம் போய், தலைவலித் தூள் சாப்பிடுவீர்களா, எவ்வளவு காலமாக என்று கேட்டுக்கொண்டிருந்தார். தூளில் பெனாசெட்டின் என்று ஒரு மருந்து கலந்திருக்கிறதாம். அதை விடாமல் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த இடத்தில் புற்றுநோய் வருகிறதோ என்று வெளிநாட்டு டாக்டர்களுக்குச் சந்தேகமாம். இங்கேயும் அப்படித்தானா என்று பார்க்க வந்திருந்தார்.

என் கணவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. "தலைவலிக்குத் தின்னது அங்க போயி என்னா செய்யும் டாக்டர்?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடம்பெல்லாம் சூடேறியது. ஆக, காரணம் இருக்கிறது. அதற்கு ஒரு பெயரும் இருக்கிறது. இந்த மனுஷன் குடிக்கவில்லை, என் ராசியும் இல்லை. அந்தச் சீனர் கடையில் சரமாகத் தொங்கியதே, அதுதான் கொன்றுகொண்டிருக்கிறது. அதைக் கூண்டில் ஏற்றவேண்டும், நான் சாட்சி சொல்லவேண்டும் என்று மனம் துடித்தது. "என்னையும் கேளுங்க டாக்டர். நான் சொல்றேன்" என்றேன்.

டாக்டர் முகம் மலர்ந்தது. "நோய் வந்தவையை மட்டும் கேட்டாப் போதாது அக்கா. அதே வயது, அதே இடம், ஆனா நோய் வராத ஆக்களையும் கேக்கவேணும். ரெண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாத்தாத்தான் தெரியும்" என்று விளக்கினார். நோயாளிகளைப் பார்க்க வருகிறவர்களைத்தான் அதற்காகக் கேட்டுக்கொண்டிருந்தாராம். நானும் தலையாட்டினேன். வயது கேட்டார், வேலை கேட்டார், சிறுநீரில் கோளாறு உண்டா என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்று பெருமையாகவே சொன்னேன்.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. "நீங்களும் இந்தப் பவுடர் எடுத்தனீங்களோ, அக்கா?"

அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. நான் சாப்பிட்டிருக்கிறேன். அவர் சாப்பிட்ட அதே தூள், அதே பொட்டலம், அதே காலம். எனக்கு ஒன்றும் வரவில்லை. நான் ஆமாம் என்று சொன்னால் அந்தத் தூளுக்காக வாதாட வந்தவளாகிவிடுவேன். இதோ ஒருத்தி, இத்தனை வருஷம் தின்றும் கல்லு மாதிரி இருக்கிறாள் பார் என்றாகிவிடும். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் நினைத்தது நடக்கும். அந்தப் பெண் பேனாவோடு காத்திருந்தார்.

கட்டிலிலிருந்து அவர் குரல் வந்தது. "ஏன் புள்ள முழிக்கிற? சொல்லு லா. டாக்டர், நாங்க தெனம் பங்கு போட்டுத்தான் சாப்பிடுவோம். பெரிய பாதி அவளுக்குத்தான்."

என்ன ஒரு பெருமை அந்தக் குரலில்! பெண்டாட்டியை நன்றாக வைத்திருந்ததாக ஊருக்குச் சொல்கிற மாதிரி. எலும்பும் தோலுமாகக் கிடந்துகொண்டு என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

டாக்டர் பெண் குனிந்து அதை எழுதிக்கொண்டார். அவர் கிளம்பும்போது நானும் வராந்தாவரை போனேன். "அப்ப என் பதில் அந்தத் தூளுக்குச் சாதகமாத்தானே போகும்?" என்று கேட்டேன். பொய் சொல்லத் தெரியாத பெண். "ஓம் அக்கா, உங்கட பதில் அந்தப் பக்கம்தான். ஆனா ஒராளை வச்சு முடிவெடுக்கமாட்டம். கனபேரைச் சேர்த்துத்தான் பாப்பம்" என்றார். சரி, எல்லாரையும் சேர்த்து முடிவு தெரிந்தபிறகாவது இவருக்கு இது எதனால் வந்தது என்று சொல்வீர்களா என்று கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அது ஒருநாளும் சொல்லேலாது அக்கா. எத்தனை பேரில கூடுது எண்டுதான் எங்களுக்குத் தெரியவரும். இவருக்கு ஏன் எண்டு ஒருத்தராலயும் சொல்லேலாது."

நீங்கள் தூளை விடுங்கள், வருஷா வருஷம் சிறுநீரைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் போனார். அவர் கண் கலங்கியிருந்தது. என்னிடம் உண்மையை மறைக்காத ஒரே ஆள் அவர்தான். அந்த உண்மையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்றுதான் அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அந்த மழைக்காலத்திலேயே என் கணவர் போய்விட்டார். கடைசி வாரங்களில் வலிக்கு ஊசி போட்டார்கள். அதையும் மீறி வலித்தபோது, நர்ஸ் மிஸ்ஸிக்குத் தெரியாமல் ஒரு பொட்டலம் வாங்கி வரமுடியுமா என்று என்னிடம் கெஞ்சினார். நான் வாங்கித் தரவில்லை. இனி தந்தால் என்ன, தராவிட்டால் என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கை வரவில்லை. ஊசி வரும்வரை அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

சில வருஷங்கள் கழித்து, அந்த மருந்து கெடுதல்தான் என்று முடிவாகிவிட்டது, தூளில் இப்போது அதைக் கலப்பதில்லை என்று கேள்விப்பட்டேன். சீனர் கடையில் பொட்டலங்கள் பழையபடி தொங்கின. "மருந்து மாத்திட்டாங்க, பயப்படாம வாங்கலாம்" என்றார் கடைக்காரர். சொந்தக்காரர்கள்கூட, தூள்தான் காரணம் என்று நீ அப்போதே சொன்னது சரிதான் என்றார்கள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. நியாயம் கிடைத்தது ஒரு கூட்டத்துக்கு. அந்தக் கூட்டத்தில் என் கணவர் உண்டா என்று சொல்ல ஒருவரும் இல்லை. தூள் கெட்டது என்றால் நான் ஏன் இருக்கிறேன்? நல்லது என்றால் அவர் ஏன் இல்லை?

டாக்டர் பெண் சொன்னதை நான் தட்டவில்லை. வருஷம் தவறாமல் சிறுநீரைக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று மிஸ்ஸி சிரித்துக்கொண்டு சொல்லும் ஒவ்வொரு முறையும், கோணலாகக் கோடு கிழித்துப் பெரிய பாதியை என் பக்கம் தள்ளிய மனுஷனுக்கு எதிராக என் உடம்பு இன்னொரு தடவை சாட்சி சொல்லிவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது.