கருவாட்டுச் சைக்கிளில் அழகி

அழகிக்குப் பஸ் ஆகாது. பஸ்கூட இல்லை, அதன் வாடை. தூரத்தில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வரும்போதே அவளுக்கு வயிற்றைப் புரட்டும். ஏறி உட்கார்ந்தால் அடுத்த ஊர் வருவதற்குள் குடலே வாய்க்கு வந்துவிடும். புளியங்காயை மோந்து பார், எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொள் என்று சொல்லாத ஆளில்லை. எல்லாம் செய்து பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. அதைச் சிலர் கொழுப்பு என்றார்கள். வயிற்றில் இருப்பதை வெளியே கொட்டுவதில் என்ன கொழுப்பு கிடக்கிறது?

அவள் வாழ்க்கைப்பட்டது வெள்ளாறு கடலில் போய்ச் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் மேற்கே. பிறந்தது அதே ஆற்றின் மேல்பக்கம், மேலக்கரைப்பட்டியில். அவள் ஊரில் ஓடிய தண்ணீர்தான் புருஷன் ஊருக்கும் வரும். ஆனால் தண்ணீர் வருகிற சுளுவில் மனுஷி போய்வர முடியவில்லை.

சமஸ்தானம் போய்ச் சர்க்கார் வந்த புதிதில் அவள் தம்பி நாகராசுக்குக் கல்யாணம் வைத்தார்கள். தாலிக்கு நாத்தனார் முடிச்சுப் போடவேண்டியவள் அழகிதான், வேறு அக்கா தங்கை கிடையாது. விடிந்ததும் பஸ் ஏறினார்கள், அவளும் புருஷன் சோலையப்பனும். பாதி வழியில் வாந்தி எடுத்து எடுத்து அவள் துவண்டுவிட, இறங்கி நடந்தார்கள். போய்ச் சேர்ந்தபோது தாலி ஏறிவிட்டது. முடிச்சைச் சித்தப்பா மகள் போட்டிருந்தாள். பந்தல் வாசலில் அழகியின் தாயார் பிச்சையம்மாள் நின்று, வருகிறவர்களை எல்லாம் “வாங்க, வாங்க” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இவர்கள் இரண்டு பேரையும் பார்த்ததும் அந்த வாய் மூடிக்கொண்டது. பிறகு திறந்தது.

“வரவேண்டிய நேரத்துக்கு வராதவ இப்ப எதுக்கு வாரா?”

வழியெல்லாம் வாந்தி எடுத்தேன் ஆத்தா என்று அழகி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிச்சையம்மாள் பெற்ற பிள்ளை வேறு எப்படி இருக்கும்? “வான்னு ஒரு சொல்லு நீ சொல்ற வரைக்கும் இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்” என்று திரும்பினாள். போட்ட இலையில் கை வைக்காமல் புருஷனும் பின்னாலேயே வந்துவிட்டான்.

அந்தப் பக்கத்தில் பகையாளியே வாசலுக்கு வந்தாலும் ‘வா’ என்று ஒரு சொல் சொல்லுவார்கள். அந்தச் சொல் இல்லாத வீட்டில் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. ஆகவே இவளும் போகவில்லை, அவளும் கூப்பிடவில்லை. வருஷாவருஷம் தாய்வீட்டிலிருந்து வரவேண்டிய பொங்கல் சீரும் நின்றுபோனது. அக்கம்பக்கத்துப் பெண்கள் தங்களுக்கு வந்த கரும்பை வாசலில் சாத்தி வைத்திருக்கும்போது அழகி சாணி தட்டுகிற சாக்கில் கொல்லைக்குப் போய்விடுவாள்.

இப்படியே அஞ்சாறு பொங்கல் போயிற்று. ஒரு மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் ஷேக் பரீது வந்தார். கட்டுமாவடியிலிருந்து சைக்கிளில் கருவாடு கொண்டுவந்து விற்கிறவர். சோலையப்பனுக்கு உயிர்ச் சிநேகிதர்.

“என்ன தங்கச்சி, பொங்கலும் அதுவுமா மூஞ்சி ஊசிப்போன சோறாட்டம் இருக்கு?”

“சீரு வரல” என்றான் சோலையப்பன். அவன் நாலு வார்த்தை பேசினால் மழை வரும்.

“வரலேன்னா நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க. அதுக்கு எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கணும்?”

“பஸ்ஸு ஆகாதேண்ணே” என்றாள் அழகி.

“பஸ்ஸை யாரு ஏறச் சொன்னா? ஆத்தங்கரை இல்லையா? பாதி தூரத்துக்கு நான் கரையோடதானே போறேன். ஒரு லாரி வராது, ஒரு ஆரன் கேக்காது. இந்தா, இந்தச் சைக்கிள எடுத்துக்கிட்டுப் போங்க. காத்துக் கடுமையா இருக்கு, கடலுக்குப் போட்டு எதுவும் போகல. எனக்கும் யாவாரம் இல்ல.”

அழகி சைக்கிள் பக்கத்தில் போய் மூக்கை வைத்துப் பார்த்தாள். கேரியர், கம்பி, சீட்டு எல்லாம் ஒரே கருவாட்டு நாற்றம்.

“ஒத்துக்குமா தங்கச்சி?” என்றார் பரீது, கொஞ்சம் வெட்கப்பட்டு.

“கருவாடு ஒத்துக்காதவ இங்கிட்டு வந்து வாக்கப்பட முடியுமாண்ணே? ஆனா ஒண்ணு. நான் ஆத்தப் பாக்கத்தான் போறேன். ஆத்தாவப் பாக்க இல்ல.”

“சரிதான், ரெண்டுக்கும் ஒரே வழிதானே” என்று சிரித்துக்கொண்டே பரீது நடந்து போய்விட்டார்.

மறுநாள் வெள்ளி முளைக்கும்போது கிளம்பினார்கள். கேரியரில் சாக்கை மடித்துப் போட்டு, ஒருபக்கமாக உட்கார்ந்து, மடியில் கட்டுச்சோற்றை வைத்துக்கொண்டாள் அழகி. ஐப்பசி கார்த்திகையில் பெய்த மழைக்குக் கரைத்தடம் இறுகிக் கிடந்தது. ஆற்றில் ஒரு ஓரமாகத் தண்ணீர் ஓடிற்று. மிச்சமெல்லாம் மணல், வெளுத்த வேட்டியை விரித்துப் போட்டது போல.

அவளுக்கு முதலில் பயம்தான். வயிறு இப்போது புரட்டும், இதோ புரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். சங்கிலி ஓடுகிற கிறுகிறுப்பு மட்டும் கேட்டது. அப்புறம் ஒரு மீன்கொத்தி கத்திற்று. கண்ணைத் திறந்தாள். தாழம்புதர், அதற்கு அப்பால் பனைவரிசை, அதற்கும் அப்பால் அறுத்த வயலில் ஆட்டுக்கிடை. எல்லாம் மெதுவாக, அவள் பார்த்து முடிக்கும்வரை காத்திருந்து பின்னால் போயின. பஸ்ஸில் போனபோது அவள் பார்த்ததெல்லாம் தன் முந்தானையை மட்டும்தான்.

“என்னங்க, எனக்கு ஒண்ணும் பண்ணல” என்றாள் புருஷன் முதுகைப் பார்த்து.

“ம்.”

“கொக்கு எம்புட்டு நிக்குது பாருங்களேன்!”

“நான் தடத்தப் பாக்கணும். நீ பாரு.”

வாய்க்கால் குறுக்கே வந்த இடங்களில் இறங்கினார்கள். அவன் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனான், அவள் சேலையை முழங்காலுக்குச் செருகிக்கொண்டு பின்னால் போனாள். ஒரு மருத மரத்து நிழலில் மணலைக் கையால் தோண்டி ஊற்றுத் தண்ணீர் குடித்தார்கள். அத்தனை இனிப்பு. கட்டுச்சோற்றைத் தின்றுவிட்டுச் சோலையப்பன் மணலில் மல்லாந்து படுத்தான். கல்யாணமான நாள் முதல் அவன் பகலில் சும்மா படுத்து அவள் பார்த்ததில்லை. யாரும் கூப்பிடவில்லை, மாடு கத்தவில்லை, அடுப்பு காத்திருக்கவில்லை. இந்த ஒரு பொழுதுக்காகவே அந்த மகமாயிக்குப் பொங்கல் வைக்கலாம் என்று அழகி நினைத்தாள். நினைத்ததோடு விடவில்லை, அந்த ஆடியிலேயே வைத்தாள்.

கீழ்ப்பக்கத்து ஊர்களில் சைக்கிளைக் கண்டதும் பெண்கள் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். “நெத்திலி இருக்கா? வாள இருக்கா?”

“ஒண்ணும் இல்ல ஆத்தா, சும்மா போறோம்” என்றாள் அழகி.

“சும்மா சைக்கிள்ல போவாகளா யாராச்சும்? வாடை மட்டும் வருது, கருவாட்ட எங்கடி ஒளிச்சு வச்சிருக்க?” என்று ஒருத்தி சாக்கைத் தூக்கியே பார்த்துவிட்டாள்.

பாதி வழிக்கு மேல் பரீது போவதில்லை. அங்கே கதை வேறாக இருந்தது. தண்ணீர்க் குடத்தோடு கரையேறி வந்த ஒரு பெண், இவர்களைப் பார்த்ததும் குடத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

“யாரு வீட்டுக்குய்யா கேதம்?”

“கேதம் இல்லம்மா” என்றான் சோலையப்பன்.

“பெறகு எதுக்கு சைக்கிள்ல வாரீக?”

அந்த ஊர்களுக்கு ரோடு கிடையாது. வண்டி வரும், நடந்து ஆள் வரும். சைக்கிள் வருவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். தூரத்தில் யாராவது செத்துப்போனால் சாவுச் சேதி சொல்ல வருகிறவன் சைக்கிளில் வருவான். வந்தவன் வாசலிலேயே நிற்பான். உள்ளே வரமாட்டான், உட்காரமாட்டான், தண்ணீர் கொடுத்தாலும் வாங்கமாட்டான். சொல்லிவிட்டுப் போய்விடுவான். அதனால் அங்கே மணிச் சத்தம் கேட்டாலே பெண்கள் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவார்கள்.

அவள் பதறியதைப் பார்த்த பிறகாவது இருவரும் யோசித்திருக்க வேண்டும். அழகிக்கு அப்போது யோசனை எல்லாம் அந்த ஒரு சொல்லில் இருந்தது. மேலக்கரைப்பட்டி வேப்பந்தோப்பு வந்ததும் கேரியரிலிருந்து குதித்துவிட்டாள்.

“நீங்க முன்னால போங்க. ஆத்தா வான்னு சொல்லுதான்னு பாருங்க. சொன்னா நான் வாரேன். சொல்லலேன்னா இப்பிடியே திரும்பிருவோம்.”

“நீயும் வாயேன்.”

“மாட்டேன்.”

சோலையப்பன் தனியாகப் போனான். பிச்சையம்மாள் வாசலில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அண்டை வீட்டு முத்துமாரியம்மாளும் இரண்டு மூன்று பெண்களும் இருந்தார்கள். மணியை அடித்துவிட்டு இறங்கினான். வெயிலுக்குத் தலையில் கட்டியிருந்த துண்டை, மாமியார் முன்னால் மரியாதையாக அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். வா என்று சொல்லாத வீடாயிற்றே, வாசலிலேயே நின்றான். பிச்சையம்மாள் ஒன்றும் சொல்லாமல் அவனையே பார்த்தாள். முத்துமாரியம்மாள்தான் மனசு கேட்காமல் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

இத்தனை வருஷம் எட்டிப் பார்க்காத மாப்பிள்ளை. சைக்கிள். தனி ஆள். வாசலில் நிற்கிறான், தண்ணீர் வேண்டாம் என்கிறான். பிச்சையம்மாளுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

“அய்யோ, எம் மகளே!” என்று நெல்லின் மேலேயே விழுந்தாள்.

“இல்ல அத்தே, அவ…” என்று சோலையப்பன் ஆரம்பித்தான். அதற்குள் நாலு பெண்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள். அவன் குரல் எங்கே எடுபடும்?

தோப்பிலிருந்த அழகிக்கு அழுகைச் சத்தம் கேட்டது, அதுவும் தன் தாய்வீட்டு வாசலிலிருந்து. ஆத்தா போய்விட்டாள் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. வைராக்கியமாவது வாசப்படியாவது, தலைமுடி அவிழ ஓடினாள். வைக்கோற்போர் வரைக்கும் வந்தவள் அப்படியே நின்றாள். பாட்டு எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்ததே ஆத்தாவின் குரல்தான்.

“வாந்தி எடுத்து வந்த மகள – என்
வாயால வெரட்டுனேனே
வழியில பட்ட பாட்டப்
பெறகுதானே கேட்டறிஞ்சேன்
மஞ்சளும் கரும்புமா
வருசா வருசம் வாங்கி வச்சேன்
கொண்டுபோயிக் கொடுக்காம
கொல்லையில காய வச்சேன்
வாடின்னு சொல்லலையே
வாடி என் அழகி வாடி!”

அழகி நகரவில்லை. நகரத் தெரியவில்லை. ஆத்தாவுக்குத் தெரிந்திருக்கிறது. வருஷாவருஷம் கரும்பு வாங்கி, அனுப்ப வாய் வராமல் காயவிட்டிருக்கிறாள். உயிரோடு இருக்கும்போது இதையெல்லாம் கேட்கிற பாக்கியம் எத்தனை பெண்களுக்குக் கிடைக்கும்? இன்னொரு அடி பாடட்டும் என்றுகூட அவளுக்கு இருந்தது. ஆனால் ஆத்தா தலையைத் தரையில் மோதப் போனாள். அழகி ஓடிப்போய்த் தாங்கினாள்.

“ஆத்தா, நான் சாகல.”

முத்துமாரியம்மாள் “பேய்!” என்று கத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். பிச்சையம்மாள் மகளின் முகத்தைத் தடவினாள், தோளைக் கிள்ளினாள், மோந்து பார்த்தாள்.

“பேயி இப்பிடியா கருவாடு நாறும்? இவ எம் மகதான்.” அடுத்த மூச்சிலேயே பழைய பிச்சையம்மாள் வந்துவிட்டாள். “ஒன்ன யாருடி வரச் சொன்னது?”

“நீதான் சொன்ன. வாடி வாடின்னு ராகம் போட்டுச் சொன்ன, ஊரே கேட்டுச்சு.”

“அது செத்தவளுக்குச் சொன்னதுடி.”

“அப்ப செத்துட்டு வரவா?”

பிச்சையம்மாள் தன் வாயிலேயே பட்டென்று ஓர் அடி போட்டுக்கொண்டு, மகளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். மகள் தோளுக்கு மேலாகத்தான், வாசலில் இன்னும் துண்டோடு நின்ற மருமகனைப் பார்த்தாள். “வாங்க மாப்பிள்ள. வாய் செத்த மனுசனா இருந்தாலும் ஒரு வார்த்த முன்னாடி சொல்லப்படாதா? வாங்க, உள்ள வாங்க.”

ஒப்பாரி வைத்த வாயோடு வீட்டுக்குள் போகக்கூடாது. ஆகவே எல்லாப் பெண்களும் தலை முழுக ஆற்றுக்குப் போனார்கள், அழுகைக்குரியவளையும் கூட்டிக்கொண்டு. உயிரோடு இருக்கிறவளைச் செத்ததாக அழுதால் அவளுக்கு ஆயுசு கெட்டி என்றாள் முத்துமாரியம்மாள், பேய் என்று கத்தியதை மறைக்கப் பார்த்து. வெள்ளாற்றில் முழங்கால் அளவுத் தண்ணீரில் உட்கார்ந்து ஒருத்தி முதுகை ஒருத்தி தேய்த்துவிட்டார்கள். ஒருத்திக்குச் சிரிப்பு வந்தால் எல்லோருக்கும் வந்தது.

திரும்பும்போது கேரியரில் அழகிக்கு இடமில்லை. புதுப்பானை, அரிசி, கரும்பு, மஞ்சள் கொத்து என்று விட்டுப்போன எல்லாப் பொங்கலுக்கும் சேர்த்துக் கட்டிவிட்டாள் பிச்சையம்மாள். சோலையப்பன் சைக்கிளைத் தள்ள, அழகி கூடவே நடந்தாள். வழியில் ஒரு கோயிலில் தங்கி மறுநாள்தான் வீடு சேர்ந்தார்கள். கால் வீங்கியிருந்தது. யாரிடமும் அதை ஒரு குறையாகச் சொன்னதில்லை அவள்.

அதன் பிறகு வருஷம் தவறாமல் தை மாதத்தில் ஆற்றங்கரையோடு போய்வந்தார்கள். ஒவ்வொரு ஊருக்கும் முன்னால் அழகி, “கேதம் இல்ல, தாய்வீட்டுக்குப் போறேன்!” என்று கூவுவாள். நாலைந்து வருஷத்தில் அந்தப் பெண்களுக்கு மணிச் சத்தம் பழகிவிட்டது, கல்லுரலில் உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள். மேலக்கரைப்பட்டி வரைக்குமே ரோடு போட்டு பஸ் வந்தது. வரட்டும் என்றாள் அழகி.

அறுபத்திரண்டாம் வருஷமோ மூன்றோ, பிச்சையம்மாள் ஒரு நாள் கடலைப் பார்க்கவேண்டும் என்றாள். பஸ்ஸில் போகலாம் என்றான் நாகராசு. கிழவி கேட்கவில்லை. “எம் மக போற வழியிலதான் நானும் போவேன்.” கேரியரில் அவளை உட்கார வைத்து, விழாமல் இடுப்பில் துண்டைக் கட்டி, சோலையப்பன் மெதுவாகத் தள்ளிக்கொண்டே வந்தான்; அழகி பின்னால் பிடித்துக்கொண்டு நடந்தாள். வழியெல்லாம் கிழவி வாய் ஓயவில்லை. இந்தக் கரையில் இத்தனை தாழம்பூ இருப்பதை ஏன் இதுவரை ஒருத்தரும் தனக்குச் சொல்லவில்லை என்று கேட்டாள்.

கடலோரத்தில் இறக்கி நிறுத்தினார்கள். வெகுநேரம் பார்த்தாள்.

“நம்ம ஆறு இதுலயா வந்து விழுகுது?”

“ஆமா ஆத்தா.”

பிச்சையம்மாள் குனிந்து அலையில் கையை நனைத்து, நாக்கில் வைத்துப் பார்த்து, முகத்தைச் சுளித்தாள். “நல்ல தண்ணியக் கொண்டாந்து இப்பிடிக் கெடுத்து வச்சிருக்கானே” என்றாள். பிறகு மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகி, முழங்கால் வரைக்கும் இறங்கி நின்றாள்.