ஆர்.என்.ஏ இல்லாத வரிசை

ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவர் ‘சொட்டு அண்ணன்’. குடுவை கழுவ வந்தவர். பதினாறு வருடத்தில், பிறர் விட்டுப்போன புத்தகங்களைப் படித்தே மூலக்கூறு வரையக் கற்றுக்கொண்டார்.

அவருடைய அக்காவுக்குத் தசை நோய். எதையாவது பிடித்தால் கை லேசில் விடாது. உடம்புக்குள் ஒரு ஆர்.என்.ஏ இழையில் ஒரே மூன்று எழுத்து நூற்றுக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப வந்து, முடிச்சாகச் சுருண்டு, தேவையான புரதத்தைச் சிறைபிடித்துக்கொள்கிறது. அந்த முடிச்சில் போய் உட்கார்ந்து புரதத்தை விடுவிக்கும் சின்ன மூலக்கூறைத்தான் ஆய்வகத்தில் தேடினார்கள். சரியாக உட்கார்ந்தால், கூட ஊற்றிய சாயம் ஒளிரும்.

இருநூற்றுப் பன்னிரண்டாவது மூலக்கூறு ஒளிர்ந்தது. அது அவர் வரைந்தது. மருந்து கிடைத்துவிட்டது என்று அன்றே அக்காவிடம் சொல்லிவிட்டார்.

சோதனை செய்யும் குழித்தட்டில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, வழக்கமாக ஆர்.என்.ஏ ஊற்றாத வரிசை ஒன்று இருக்கும். இன்னும் பன்னிரண்டு மூலக்கூறுகளுக்கு இடம் கிடைக்குமே என்று அதை எடுத்துவிடச் சொன்னவரே அவர்தான். இரண்டு வாரம் கழித்து, மனம் கேட்காமல், அந்த வரிசையை மறுபடி வைத்துப் பார்த்தார். ஆர்.என்.ஏ இல்லாத குழிகளும் அதே அளவு ஒளிர்ந்தன. சாயம் இல்லாமலும் ஒளிர்ந்தன. மூலக்கூறு தானாகவே ஒளிரும் சரக்கு. எதன் மேலும் உட்காரவில்லை.

அதை அவர் எழுதி நீட்டிய தாளைத் தலைமை விஞ்ஞானி பார்த்தார். “நாளைக்கு இதைச் சொல்லத்தான் நான் மேடை ஏறணும். இன்னிக்கு வந்து தலையில கல்லைப் போடுறீங்களே அண்ணே. இன்னொரு தடவை பாத்தீங்களா?”

“மூணு தடவை பாத்தேன் மேடம்.”

“வரிசையை எடுக்கச் சொன்னது யாரு?”

“நான்தான்.”

மேடம் தாளை வாங்கி வைத்துக்கொண்டார். தனக்குத் துக்கம் வரும் என்று சொட்டு அண்ணன் நினைத்தார். வரவில்லை. காது மட்டும் அடைத்த மாதிரி இருந்தது.

வீட்டில் அக்கா சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்து சொன்னார்.

“அது மருந்து இல்லக்கா. தப்பாப் பாத்துட்டோம். அது சும்மாவே வெளிச்சம் விடுற சரக்கு.”

“ஆபீஸ்ல சொல்லிட்டியா, மூடி வெச்சுட்டியா?”

“எழுதியே குடுத்துட்டேன்.”

“பொழச்சேன்டா. இல்லாட்டி அதையும் என்னை முழுங்க வெச்சு, ராத்திரி லைட்டு செலவு மிச்சம்னு உக்காந்திருப்பே.”

சிரிக்க வேண்டிய இடம் என்று அவருக்குத் தெரிந்தது. அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தட்டுகளை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினார். சுத்தமாக இருந்ததையும் சேர்த்துக் கழுவினார்.