ஜன்னலிலிருந்து பிரேக் பார்த்த கஃபூர் பாய்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வரி நேராகத் தொடங்கி, முடிகிற இடத்தில் மேலே ஏறிவிடுகிறது. சில எழுத்துகளில் பேனா தாளைக் கிழித்திருக்கும். நெல் கமிட்டியில் மூட்டை தூக்கிய கை இது. எழுதப் பழகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. முதியோர் வகுப்புச் சுவரில் ஒட்டுவதற்கு டீச்சர் ஒரு பக்கம் கேட்டார். எனக்குப் பக்கங்கள் கூடிவிட்டன. இவ்வளவும் நானே எழுதியது என்று பார்க்கும்போது, துக்கத்துக்கு நடுவிலும் ஒரு சந்தோஷம் வருகிறது. அதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் என் மருமகள் செல்வி மிக்சியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். போன் வந்தது. மிக்சி நின்றது. வெகுநேரம் அது மறுபடி ஓடவில்லை. பிறகு செல்வி வெளியே வந்து, நான் கேட்காமலேயே வண்டிச் சாவியை என் உள்ளங்கையில் வைத்தாள். எங்கள் வீட்டில் அந்தச் சாவி கேட்டாலும் எளிதில் வராது. கேட்காமல் வந்தது அன்றுதான்.

"பாய் வீட்டுலேர்ந்து சபீனா அக்கா பேசினாங்க மாமா," என்றாள். கஃபூர் பாய் காலமாகிவிட்டார். நான் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

கஃபூர் பாய் அவர்களைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். செஞ்சி பஜாருக்குப் பின்னால் உள்ள சந்தில் இரு சக்கர வண்டிகளுக்கு மெக்கானிக்காக இருந்தவர். எந்த வண்டியானாலும் கடைசியில் தானே ஏறி ஓட்டிப் பார்ப்பார். சந்தின் முனையில் ஒரு டீக்கடை உண்டு. வேகமாகப் போய், அந்த டீக்கடை பெஞ்சுக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்துவார். பெஞ்சில் இருப்பவர்கள் கண்ணாடி டம்ளரோடு காலைத் தூக்கிக்கொள்வார்கள்.

"இன்னாத்துக்குக் காலத் தூக்குறீங்க? என் மேல அவ்ளோதான் நம்பிக்கையா?" என்று கேட்பார்.

"நம்பிக்கையெல்லாம் இருக்குது பாய். காலு ரெண்டுதான் இருக்குது," என்பார் டீக்கடைக்காரர்.

எனக்கு அவர் பழக்கமானது மொபெட் காலத்தில். நான் அப்போது தொண்டூரில் இருந்தேன். தவிட்டு மூட்டையோடு போய், "ஓடினாப் போதும் பாய், சீக்கிரம் குடுங்க," என்று நின்றேன். அவர் பிரேக்கை அழுத்திப் பார்த்துவிட்டு வண்டியைத் தர மறுத்தார். "ஓடாத வண்டியால எவனும் சாவல முனுசாமி. நிக்காத வண்டியாலதான் சாவுறான். போயிட்டு நாளைக்கி வா," என்றார். தவிட்டு மூட்டையைப் பஸ்ஸில் ஏற்றி, வழி நெடுக அவரைத் திட்டிக்கொண்டே ஊர் போனேன். மறுநாள் பேசத் தொடங்கியவர்கள், அதன் பிறகு பேச்சை நிறுத்தவே இல்லை.

என் மனைவி காலமான பிறகு, செஞ்சிக்கு வெளியே புதிய மனைகள் போட்ட இடத்தில் மகன் கட்டிய வீட்டுக்கு வந்தேன். நல்ல வீடு. ஆனால் சுற்றிலும் மனைக்கல்லும் முள்செடியும்தான். பஸ் நிற்கும் இடம் தூரம். போனாலும் என் முழங்கால் பஸ் படியில் ஏறாது. மகனுக்குச் சென்னைப் பக்கம் வேலை. ஞாயிற்றுக்கிழமை வருவான். அவன் வாங்கி வைத்திருந்த எலெக்ட்ரிக் பைக் வீட்டில் சும்மா நின்றது. உதைக்க வேண்டாம், கியர் போட வேண்டாம், கிளட்ச் இல்லை. எனக்காகவே செய்தது போல இருந்தது. அதில்தான் முதியோர் வகுப்புக்குப் போனேன். ‘அ’ எழுதினேன்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. செல்வி பக்தியுள்ள பெண். வண்டியைத் துணியால் தேய்த்துக் கழுவினாள். கண்ணாடி, கம்பி, சக்கரம் எல்லாவற்றையும் நல்லெண்ணெய் தொட்டுத் துடைத்துப் பளபளக்க வைத்தாள். சக்கரத்தின் நடுவில் தட்டு மாதிரி ஒரு இரும்பு டிஸ்க் இருக்கிறதே, அது நன்றாக மின்னுகிறது என்று அதற்கு இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டாள். அதன் மேல் வரிசையாகச் சந்தனம், குங்குமம். பார்க்க அம்மன் முகம் போல இருந்தது. நான் கும்பிட்டுவிட்டு வண்டியை எடுத்தேன்.

திருவண்ணாமலை சாலையில், கோட்டை மலைகள் இரண்டுக்கும் நடுவில் இறங்கும்போது பிரேக்கை அழுத்தினேன். வண்டி நிற்கவில்லை. நிற்பதற்குப் பதிலாகக் கத்தியது. பன்றியைப் பிடிக்கும்போது கத்துமே, அப்படி. ஓரத்தில் எவரோ வைக்கோலைக் குவித்திருந்தார்கள். அதற்குள் போய் நின்றேன். அடி ஒன்றும் இல்லை. தலையெல்லாம் வைக்கோலோடு வீட்டுக்கு வந்ததைச் செல்வி பார்த்துவிட்டாள். மகன் போனிலேயே தீர்ப்புச் சொன்னான். சாவி பீரோவுக்குள் போயிற்று.

அந்த நாட்களை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. காலையில் காபி, பத்து மணிக்கு டிவி, மதியம் சோறு, சாயங்காலம் டிவி. கேட் வரை நடந்தால், "மாமா, எங்க கெளம்பிட்டீங்க?" என்று உள்ளே இருந்து குரல் வரும். அன்பான குரல்தான். ஆனாலும் குரல் வரும். என் அறை ஜன்னல் கம்பிக்குள் ராஜகிரிக் கோட்டை முழுதாகத் தெரியும். கோட்டைக்குள் போனவர்கள் எல்லாம் சாயங்காலம் வெளியே வந்துவிடுவார்கள். நான் உள்ளேயே இருந்தேன். வகுப்பில் எல்லாரும் ‘க’ வரிசைக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்து, விரலால் தொடையில் எழுதிப் பார்த்துக்கொள்வேன்.

கஃபூர் பாய்க்குப் போன் செய்தேன். அவரே வந்துவிட்டார். வாசலில் குந்தி, டிஸ்க்கில் விரலை வைத்துத் தேய்த்து முகர்ந்து பார்த்தார்.

"ஏம்பா, தீவாளிக்கு இன்னும் நாள் இருக்குதே. வண்டிக்கு மட்டும் முன்னாடியே எண்ணெ தேச்சிக் குளிப்பாட்டிட்டியா?"

செல்வி கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். பாய் அதைப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டார். "யம்மா, வெளிய வா. பொட்டு வெக்கறது நல்லதுதான். லைட்டு மேல வை, ஹேண்டில் மேல வை. இந்தத் தட்டு மேல மட்டும் எதுவும் படக் கூடாது. இத இறுக்கிப் புடிக்கிற கட்டைக்குப் பேர் பேடு. அது எண்ணெ குடிச்சிட்டா அவ்ளோதான், கழுவினாலும் போவாது, புதுசுதான் மாத்தணும்," என்றார்.

மாற்றினார். டிஸ்க்கைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, நன்றாகக் காயவிட்டார். காலி மனையில் என்னை ஓட்டச் சொன்னார். வேகம் எடு, பிரேக் பிடி, நிற்பதற்குள் விடு, மறுபடி வேகம் எடு என்று திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார். புதுப் பேடும் டிஸ்க்கும் ஒன்றோடு ஒன்று பழக வேண்டுமாம். கடைசியில் எங்கள் கேட்டுக்கு ஒரு முழம் முன்னால் தானே வந்து நிறுத்திக் காட்டினார். மகன் போனில் காரணம் கேட்டபோது, "பழைய பேடுப்பா, தேஞ்சிபோச்சி," என்றார். செல்வியின் பெயர் வரவில்லை. இப்போது நான் எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். "எழுதுங்க மாமா. இன்னும் எத்தினி வீட்ல எண்ணெ ஊத்துறாங்களோ," என்றாள்.

மகன் ஒரு நிபந்தனை போட்டான். பாய் வாராவாரம் பிரேக்கைப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். அதற்கு மட்டும் வண்டியை எடுக்கலாம். அப்படித்தான் எனக்கு வியாழக்கிழமை கிடைத்தது. பாயிடம் காட்டிவிட்டு, அப்படியே வகுப்புக்கும் போய்விடுவேன்.

அடுத்த பொங்கல் வருவதற்குள் பாய்க்கு வாதம் வந்தது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. கடையை மூடினார்கள். மகள் சபீனா அவரை அதே சந்தில் இருந்த தன் வீட்டு மாடி அறையில் வைத்துக்கொண்டார். அந்த வீட்டு மாடிப்படி குறுகலானது, செங்குத்தானது. அவரால் இறங்க முடியாது. என்னால் ஏற முடியாது. முதல் தடவை போனபோது, கீழே சந்தில் நின்று மேலே பார்த்தேன். ஜன்னலில் அவர் முகம் தெரிந்தது.

"முனுசாமி," என்றார் மேலே இருந்து. வாய் கொஞ்சம் கோணியிருந்தது, குரல் பழைய குரல்தான். "நிக்கும்போது லேசா கத்துதே."

"கத்துது பாய்."

"புடிக்குதா?"

"நல்லாப் புடிக்குது."

"அந்தப் பழக்கடை வரைக்கும் போயி, வேகமா வந்து, என் ஜன்னலுக்குக் கீழ நிறுத்து. நான் பாக்கணும்."

நிறுத்தினேன். எட்டிப் பார்த்தார். "சரி, புடி நல்லா இருக்குது. சத்தம்தானே? அத மெதுவாப் பாக்கலாம்."

அன்றிலிருந்து ஒவ்வொரு வியாழனும் ஒரு வேலை சொன்னார். ஒரு வாரம் டிஸ்க்கை மறுபடி கழுவச் சொன்னார். ஒரு வாரம் பேடைக் கழற்றி உப்புத்தாளில் தேய்க்கச் சொன்னார். இன்னொரு வாரம் அதன் ஓரத்தை அரத்தால் லேசாகச் சரிக்கச் சொன்னார். வீட்டில் நான் முக்காலியில் உட்கார்ந்து கழற்றுவேன். செல்வி பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பாள். எண்ணெய் பாட்டிலை மட்டும் அந்தப் பக்கமே கொண்டுவர மாட்டாள். ஒவ்வொன்றுக்கும் சத்தம் கொஞ்சம் குறையும். முழுதாகப் போகாது.

"இந்த வண்டியில இஞ்சின் சத்தம் கெடையாது. அதான் பிரேக்கு முனகுறதுகூட ஊருக்கே கேக்குது," என்பார். "ஆக்சிலேட்டர்லேர்ந்து கைய எடுத்தாலே மோட்டாரு இழுத்துப் புடிச்சிக்குது. நீ பிரேக்கத் தொடறதே இல்ல. தொடாத பிரேக்கு தூங்கிப்பூடும், முனுசாமி. அதுக்கு வேல குடு."

பிறகு சந்தில் என்ன நடக்கிறது என்று கேட்பார். ஜன்னலிலிருந்து அவருக்குத் தெரிவது எதிர்வீட்டுச் சுவரும் ஒரு முருங்கைக் கிளையும்தான். நான் பலகைகளைப் படித்துச் சொல்வேன். ‘ரமலான் ஸ்பெஷல் நோன்புக் கஞ்சி’ என்று நான் எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள், "நீ படிச்சி முடிக்கறதுக்குள்ள பெருநாளே வந்துடும்யா," என்று சிரிப்பார். சபீனா உள்ளே இருந்து, "அத்தா, தண்ணி குடிங்க. பெரியப்பா, நீங்களும் டீ குடிங்க," என்று ஒரு கூடையில் டம்ளரை வைத்துக் கயிற்றில் இறக்குவார்.

ஒரு தடவை மட்டும் அவர் சிரிக்கவில்லை. "நாலு பேரு தூக்கினா எறங்கிடலாம்னு சொன்னேன். புள்ள பயப்படுது. அதும் சரிதான். ஆனா ஒரே ஒரு தபா அந்த டீக்கட முனை வரைக்கும் போயிட்டு வந்தா, போதும்யா," என்றார். எனக்குப் பீரோவுக்குள் இருந்த வண்டிச் சாவி நினைவுக்கு வந்தது.

கடைசி வியாழக்கிழமை அவர் முகம் வீங்கியிருந்தது. நான் வந்து நிறுத்தியதும் வண்டி வழக்கம் போல முனகியது. அவர் எட்டிப் பார்த்தார்.

"பேடுக்குப் பின்னால ஒரு தகடு வரும் முனுசாமி. மெல்லிசா இருக்கும். புதுப் பேடு மாத்தும்போது பழசு துருப்புடிச்சி இருந்துச்சின்னு எடுத்துப் போட்டுட்டேன். புதுசு ஒண்ணு வாங்கிப் போடு. சத்தம் அன்னிக்கே நின்னுடும்."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. "இத மொதல்லியே சொல்லியிருக்கலாமே பாய்?"

"சொல்லியிருந்தா நீ வாராவாரம் வந்திருப்பியா?"

"வந்திருப்பேனே!"

"நீ வந்திருப்பே. நானும் படுத்துட்டேன், சத்தமும் நின்னுட்டா உன்ன உட்டிருப்பாங்களா?"

நான் கீழே நின்று சிரித்தேன். அவர் மேலே சிரித்தார். அவருக்கு ஒரு பக்க வாய்தான் சிரித்தது. சபீனா ஜன்னலுக்கு வந்து, "இன்னா, ரெண்டு பேரும் சின்னப் புள்ளைங்க மாதிரி?" என்று கேட்டார். இருவரும் மறுபடி சிரித்தோம்.

செவ்வாய்க்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது சந்து நிறைந்திருந்தது. அந்தக் குறுகலான படியில், உடலை வைத்துத் தூக்கிப்போகும் சந்தூக்கை ஏற்ற முடியவில்லை. அதனால் துணி விரித்து அதில் அவரைத் தூக்கி, ஆறேழு பேர் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறக்கினார்கள். "பாத்து, பாத்து," என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். கீழே வந்து சந்தூக்கில் வைத்துத் தூக்கினார்கள். டீக்கடை முனையில் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். கபர்ஸ்தானில் நானும் ஒரு பிடி மண் போட்டேன்.

வீட்டுக்கு வந்து சாவியைச் செல்வியிடம் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள். அதைப் பீரோவில் வைத்துவிட்டு வந்து, "இனிமே வியாழக்கெழம யாருகிட்ட மாமா பிரேக்கக் காட்டுவீங்க?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியோடு ஒரு இரவு முழுதும் படுத்திருந்தேன். மறுநாள் காலையில் தாளை எடுத்து இதை எழுத ஆரம்பித்தேன். செல்வி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இத எழுதி இன்னா செய்வீங்க?"

"வகுப்புச் சுவத்துல ஒட்டணும். நாந்தான் கொண்டுபோயிக் குடுக்கணும்."

"முழுசா எழுதிட்டீங்களா?"

"இல்லம்மா. நான் மெதுவாத்தான் எழுதுவேன்."

அவள் முகத்தில் சிரிப்பு வந்து போயிற்று. எழுந்து போய்ப் பீரோவைத் திறந்தாள்.

கஃபூர் பாய், உங்களுக்கு என் வணக்கம். தகடு வாங்கிவிட்டேன், நாளைக்குப் போட்டுவிடுவேன். உங்களைப் பற்றி எழுத எவ்வளவோ இருக்கிறது, ஆனால் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிவிட மாட்டேன். மொபெட் நாட்களை அடுத்த வியாழக்கிழமைக்கு என்று மிச்சம் வைத்திருக்கிறேன்.