ஏழாம் நம்பர் ப்ராசஸர்

என் வீட்டுக்காரர் கோகுலகிருஷ்ணன் எந்த ப்ராசஸரையும் லேசில் செத்துப்போச்சு என்று ஒதுக்க விடமாட்டார். மூன்று மதர்போர்டில் மாட்டிப் பார்க்க வேண்டும். மூன்றிலும் வாய் திறக்கவில்லை என்றால்தான் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டு. அது தங்கத்துக்காக உருக்கப் போகும் மூட்டைக்கு. ‘பீப்’ என்று ஒரு தடவை கத்திவிட்டால் பச்சைப் பொட்டு. அது ஏதாவது பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரில் இன்னும் நாலு வருஷம் உழைக்கும். வீட்டில் இத்தனை நெயில் பாலிஷ் இருந்தும் என் விரலில் ஒருநாள் ஏறியதில்லை.

பெரம்பலூர் துறையூர் ரோட்டில் எங்கள் வீடு. முன்னறைதான் பட்டறை. கல்லூரிகளில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர்களிலிருந்து கழற்றிய ப்ராசஸர்கள் மூட்டையாக வந்து இறங்கும். பழைய ரகத்துக்கு அடியில் முடி கனத்தில் நானூற்றுச் சொச்சம் பின்கள். வளைந்ததை நிமிர்த்த, பிள்ளைகள் எழுதும் மைக்ரோடிப் பென்சிலில் லெட்டை எடுத்துவிட்டு, அந்த வெறும் மூக்கை பின்னில் மாட்டித் தூக்குவோம். எது வளைந்திருக்கிறது என்று அவர் நகத்தை ஓட்டியே சொல்லிவிடுவார். எனக்குப் பத்தாவது பின்னிலேயே எரிச்சல் வந்துவிடும்.

அந்தக் காலத்தில் அவர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். 2005 மே மாசம், பிளஸ் டூ ரிசல்ட். செட்டிகுளத்திலிருந்து அப்பாவோடு வந்தேன். வெங்காயம் விற்ற கையோடு வந்த மனுஷன், ஊரே கேட்கிற மாதிரி “என் மவ டாக்டராவப் போறா” என்று வரிசையில் நின்றவர்களிடம் அளந்துகொண்டிருந்தார். எங்களுக்குக் கிடைத்தது ஏழாம் நம்பர் மிஷின். என் பரீட்சை நம்பரைத் தட்டினார் கோகுலகிருஷ்ணன். திரையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். காலால் பிளக்கை எத்திவிட்டார்.

“ஹேங் ஆயிடுச்சு. நாளைக்கு வாம்மா.”

மறுநாள் தனியாகப் போனேன். கணக்கில் பெயில். “அடுத்த மாசமே திரும்ப எழுதலாம், ஃபாரம் வாங்கி வெச்சிருக்கேன்” என்று நீட்டினார். எழுதினேன், பாஸாகிவிட்டேன், அப்புறம்தான் அப்பாவிடம் மூச்சுவிட்டேன். டாக்டராகவில்லை. அஞ்சு வருஷம் கழித்து, பொண்ணு பார்க்க வந்த கூட்டத்தில் இந்த மனுஷன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஆளுக்கொரு போன் வந்தது, சென்டர் படுத்துவிட்டது. எல்லாவற்றையும் விற்றவர், ஏழாம் நம்பரின் ப்ராசஸரை மட்டும் கழற்றி, அதன் உலோக மூடியில் 7 என்று கீறி, டப்பாவில் வைத்துக்கொண்டார். வருஷா வருஷம் ரிசல்ட் அன்றைக்கு அதைப் போர்டில் மாட்டுவார். பீப் வந்ததும் “பாஸு!” என்று கத்துவார். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அந்த நாளுக்கு நானும் காத்துக்கொண்டிருப்பேன்.

இந்த வருஷம் அவருக்குக் கண்ணில் ஆபரேஷன். ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது. இது மிச்சமிருந்த கண். விழித்திரையை ஒட்ட வைத்து, கட்டுப் போட்டு, ராப்பகலாகக் குப்புறப் படுக்கச் சொல்லியிருந்தார்கள். பார்வை திரும்புமா என்று டாக்டர் வாயைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது இவர் சொன்னார்: “ரிசல்ட் அன்னைக்கு ஏழாம் நம்பரு ஓடுச்சின்னா, எங் கண்ணு வந்துடும் புள்ள.”

ரிசல்ட் நாள் வந்தது. பக்கத்து அறையில் குப்புறக் கிடந்தபடி, “நர்மதா, மாட்டுறியா?” என்றார். டப்பாவைத் திறந்தேன். சனியன், வழுக்கிக் கீழே விழுந்தது. மூலையில் நாலு பின் வளைந்துவிட்டன. பென்சிலை எடுத்து நிமிர்த்தினேன். மூன்று எழுந்தன. நாலாவதில் அவசரப்பட்டேன். டிக்.

பின் உடைந்து பென்சில் மூக்கிலேயே நின்றது. பாவி, அவசரக்குடுக்கை என்று என்னையே திட்டிக்கொண்டு அப்படியே மாட்டிப் பார்த்தேன். மூன்று போர்டிலும் ஃபேன்தான் சுற்றியது.

“பீப்பு வரலியே?”

“பொறுங்க, பவர் வயரு லூசு.”

பச்சைப் பொட்டு வைத்தவை கிடக்கும் தட்டில் அதே ரகம் ஒன்று இருந்தது. அதை எடுத்து மாட்டினேன். பீப்.

“பாஸுங்க!” என்று கத்தினேன். குரல் உடைந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் ஒரு பொய்ப் பொட்டு வைக்காத மனுஷனிடம் நான் சொன்ன பொய்.

உள்ளேயிருந்து, “கழட்டி எடுத்துட்டு வா. கையில குடு.”

வேறொன்றைக் கொடுத்து ஏமாற்ற முடியாது, 7 கீறியிருக்குமே. நிஜமானதையே கொண்டுபோய் உள்ளங்கையில் வைத்தேன். குப்புறக் கிடந்தபடியே கட்டை விரலால் அந்த ஏழைத் தடவினார். மெதுவாகத் திருப்பினார். நகம் வரிசை வரிசையாக ஓடியது. மூலைக்கு வந்ததும் நின்றது.

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அவர் துழாவி என் கையைப் பிடித்து, ப்ராசஸரை அதிலேயே வைத்து விரல்களை மூடினார்.

“ஹேங் ஆயிடுச்சு” என்றார். “நாளைக்கு வாம்மா.”