சித்தப்பா பின்வாசலால் வருவார்

லண்டன் கிங்ஸ்பரியில் சலவைக்கடை ஒன்றில் வேலை பார்த்த குகதாசன், ஓர் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு வியூகம் வகுத்துக் கொடுத்தவர் என்று சொன்னால் அவருடைய சொந்தக்காரர்களே நம்பமாட்டார்கள். நம்பாததிலும் நியாயம் உண்டு. பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டி நடந்தால், மற்றப் பையன்களின் உடுப்புகளுக்குக் காவல் இருத்தப்பட்டவர் அவர்.

1984இல் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்தார். வந்த முதல் குளிர்காலத்தில், ஒரு ஞாயிறு மாலை, நாலாம் சானலில் தலைக்கவசம் போட்டவர்கள் வரிசையாகக் குனிந்து நின்று, திடீரென்று ஒருவர்மீது ஒருவர் பாய்வதைக் கண்டார். கலவரம் அடக்கும் பொலிஸாருக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று நினைத்து, எழுந்துபோய் ஜன்னல் திரையை இழுத்து மூடினார். அது அமெரிக்கக் கால்பந்து என்பதும், அதில் பந்து ஒன்று இருப்பதும் அடுத்த கிழமைதான் தெரிந்தது.

பந்தை எறிகிறவனை அவருக்குப் பிடிக்கவில்லை. எல்லோரும் அவனைத்தான் புகழ்ந்தார்கள். அவனைப் பிடித்து விழுத்த ஓடுகிறவர்களைத்தான் குகதாசனுக்குப் பிடித்தது. முன்வரிசையில் நாலு பேர் எப்போதும் அவனை நோக்கிப் பாய்வார்கள். பின்னால் நிற்பவர்களில் ஒருவனும் எதிர்பாராமல் சேர்ந்து பாய்ந்தால் அதற்குப் பெயர் பிளிட்ஸ். முன்வரிசையில் இருவர் தங்களுக்குள் வழி மாறிப் பாய்ந்தால் அது ஸ்டண்ட். இதையெல்லாம் உற்சாகத்தோடு கடைக்கு வந்த ஒரு கிழவிக்கு விளக்கியபோது அவள், "பிளிட்ஸா? நாற்பதாம் ஆண்டு ஜெர்மன்காரன் லண்டனில் குண்டு போட்டபோதே நான் அதைப் பார்த்தாயிற்று, போதும்" என்று சொல்லிவிட்டுத் தன் போர்வைகளை எடுத்துக்கொண்டு போனாள்.

1987 கோடையில், பீற்றர் என்ற பிளம்பர் இரண்டு பெரிய மூட்டைகளில் சேற்றுச் சட்டைகளைக் கொண்டுவந்து இறக்கினார். அவர் 'கிங்ஸ்பரி புல்டோசர்ஸ்' என்ற அணியின் தலைவர். பிளம்பர்களும், வீடு மாறுகிறவர்களின் தளபாடம் ஏற்றுகிறவர்களும் சேர்ந்து பூங்காவில் ஆடிய அணி அது. அதுவரை ஓர் ஆட்டத்திலும் வென்றதில்லை.

சட்டைகளைப் பிரித்துப் போட்ட குகதாசன், "உங்கள் ஆட்களில் நாலு பேர் பின்பக்கமாக ஓடுகிறவர்களா?" என்று கேட்டார்.

"இல்லையே. ஏன்?"

"நாலு சட்டையில் முதுகு மட்டும்தான் சேறு. நெஞ்சு வெள்ளையாக இருக்கிறது."

பீற்றரின் முகம் விழுந்துவிட்டது. "அது எங்கள் முன்வரிசை. ஆட்டம் முழுக்க மல்லாக்கக் கிடந்து வானத்தைத்தான் பார்க்கிறார்கள்."

"நேராகப் போய் மோதினால் அப்படித்தான்" என்ற குகதாசன், ஆவி படிந்த கடைக் கண்ணாடியில் விரலால் நாலு புள்ளடி போட்டு, அவற்றைக் குறுக்கும் மறுக்குமாகக் கோடுகளால் இணைத்தார். பீற்றர் வாயைப் பிளந்து பார்த்தார். அடுத்த ஞாயிறு குகதாசன் மைதான ஓரத்தில் நின்றார்.

முதல் திட்டம் படுதோல்வி. நாலு பேரும் ஒரே நேரத்தில் வழி மாற வேண்டும் என்பது அவருடைய ஆசை. தளபாடம் ஏற்றும் கொலினும் பஸ் ஓட்டும் வின்ஸ்டனும் நடுவில் ஒருவரோடொருவர் மோதி விழ, மற்ற இருவரும் அவர்கள்மேல் விழுந்தார்கள். எதிரணிக்காரன் ஆற அமரப் பந்தை எறிந்துவிட்டு, இவர்களைத் தூக்கிவிட வந்தான்.

மூக்கில் பஞ்சு அடைத்துக்கொண்டு நின்ற கொலினைக் காட்டி, "குகா, எதிரி எங்களைத் தொடவே இல்லை" என்றார் பீற்றர்.

திட்டங்களுக்கு இலக்கம் வைத்திருந்தார்கள். ஒருவருக்கும் இலக்கம் நினைவில் நிற்கவில்லை. எதிரணிக்கு மட்டும் நின்றது. அதனால் குகதாசன் இலக்கங்களின் இடத்துக்குச் சொந்தக்காரர்களைக் கொண்டுவந்தார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஆட்டக்காரர்களுக்குச் சொன்னார்:

"மருமகன் என்றால், முன்வாசலால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நேரே வருவார். மச்சான் என்றால், ஒருவன் முன்னால் போய் வாசலை அடைக்க, மற்றவன் அவன் முதுகுக்குப் பின்னால் ஒளித்து வருவான். சித்தப்பா என்றால், சொல்லாமல் கொள்ளாமல் பின்வாசலால் வருவார். சம்பந்தி என்றால் எல்லோரும் வருவார்கள், வீட்டில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். அது ஆபத்து. யோசித்துத்தான் கூப்பிட வேண்டும்."

இலக்கம் நிற்காத மண்டைகளில் இது ஒரே நாளில் ஏறிவிட்டது. மாமியார் வீட்டு அனுபவம் எல்லோருக்கும் இருந்தது. வடமேற்கு லண்டன் பூங்காக்களில் பெருத்த வெள்ளைக்காரர்களும் கறுப்பர்களும் "மச்சான்! மச்சான்!" என்று கத்திக்கொண்டு பாய்ந்தார்கள். ஆட்டங்களையும் இடைக்கிடை வெல்லத் தொடங்கினார்கள்.

இதில் சித்தப்பா என்பது கற்பனை அல்ல. குகதாசனின் தகப்பனாருடைய தம்பி அம்பலவாணன், ஓய்வுபெற்ற ஸ்டேசன் மாஸ்டர், ஆர்ச்வேயில் தனியாக இருந்தார். ஞாயிறுதோறும் அங்குள்ள முருகன் கோயிலில் பூசை முடிந்ததும், போன் பண்ணாமல் கிங்ஸ்பரிக்கு வருவார். முன்கதவு மணி வேலை செய்யாது என்பதால் தோட்டப் பக்கத்தால் வருவார். குகதாசனின் மனைவி சிவமலர் சோற்றை இறக்குகிற நேரமும் அவர் பின்கதவைத் தட்டுகிற நேரமும் ஒருநாளும் பிசகியதில்லை.

1989இல் ஒரு மழை ஞாயிறு. குகதாசன் பூட்டிய வீட்டின் திறப்பையும் கொண்டு ஆட்டத்துக்குப் போய்விட்டார். கடைக்குப் போய்த் திரும்பிய சிவமலரும், வழக்கம்போல வந்த அம்பலவாணனும் தோட்டத்தில் நனைந்துகொண்டு நின்றார்கள்.

"அந்த மனுசன் பார்க்கிலதான் நிக்கும். போய்த் திறப்பை வாங்கிக்கொண்டு வாறீங்களோ?" என்றாள் சிவமலர்.

வேட்டிக்கு மேலே ஓவர்கோட், நெற்றியில் திருநீறு, கையில் குடை என்று அம்பலவாணன் மைதானத்தை அடைந்தபோது கடைசிக் கட்டம். புல்டோசர்ஸ் மூன்று புள்ளி முன்னால். எதிரணி எல்லைக்கோட்டுக்குக் கிட்ட வந்துவிட்டது. அவர்களுக்கு இன்னும் ஒரேயொரு எறி. குகதாசன் மறுகரையிலிருந்து கையால் சைகை காட்ட, பீற்றர் தொண்டை கிழியக் கத்தினார்:

"சித்தப்பா! சித்தப்பா!"

"ஓம் தம்பி, வாறன்!" என்று பதில் சொல்லிக்கொண்டு அம்பலவாணன் குடையோடு மைதானத்துக்குள் இறங்கினார்.

பந்தை எறிய இருந்தவன், இடப்பக்கத்தால் ஒரு குடை வருவதைக் கண்டு அப்படியே உறைந்துபோனான். இப்போது பின்வரிசைக்கு மாறியிருந்த, அதே பக்கத்தால் பின்வாசல் வழியாக வந்த வின்ஸ்டன் அவனைத் தூக்கி அடித்தான். பந்து உருண்டு அம்பலவாணனின் காலடியில் நின்றது. அவர் குனிந்து எடுத்து, மரியாதையாக நடுவரிடம் கொடுத்தார்.

நடுவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். வேட்டியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அந்த எறியை மறுபடி ஆடச் சொன்னார். எதிரணிப் பயிற்சியாளருக்கோ இப்போது ஒன்று விளங்கிவிட்டது: சித்தப்பா என்று கத்தினால் இடப்பக்கத்தால்தான் ஆள் வரும்.

குகதாசன் அம்பலவாணனைக் கையைப் பிடித்து, அவர் வந்த இடக்கரைக்கே இழுத்துக்கொண்டு போகிற வழியில், பீற்றரின் காதில் சொன்னார்: "சித்தப்பா என்று கத்து. ஆனால் மச்சான் ஆடு."

"சித்தப்பா!" என்றார் பீற்றர்.

"குகன், அந்தப் பெடியன் என்னைத் திரும்பக் கூப்பிடுறான். போகோணுமோ?"

"அசையாதேங்கோ!"

எதிரணி முழுவதும் இடப்பக்கம் திரும்பிக் குடையைப் பார்த்தது. வலப்பக்கத்தில் ஒருவன் வாசலை அடைக்க, கொலின் அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து வெளிப்பட்டு, பந்தோடு நின்றவனை அணைத்து விழுத்தினான். வெற்றி. புல்டோசர்ஸ் ஓடிவந்து அம்பலவாணனைத் தோளில் தூக்கினார்கள். அவர் ஒரு கையால் வேட்டியையும் மறு கையால் குடையையும் பிடித்துக்கொண்டு, மேலே இருந்தபடியே கேட்டார்: "ஏன் இந்தப் பெடியள் என்ர முறையைச் சொல்லிக் கூப்பிடுறாங்கள்?"

குகதாசன் ஏதோ மழுப்பப் பார்த்தார். நேர்மையான பீற்றர் விடவில்லை. சொல்லாமல் வருவது, பின்வாசல், சரியாகச் சோறு இறக்கும் நேரம் எல்லாவற்றையும், குகதாசன் தங்களுக்குச் சொன்னபடியே விவரமாகச் சொன்னார். ஸ்டேசன் மாஸ்டருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும்.

அம்பலவாணன் தோளிலிருந்து இறங்கி, திறப்பை வாங்கிக்கொண்டு நடந்தார்.

அடுத்த ஞாயிறு அவர் போன் பண்ணினார். "பிள்ளை, இண்டைக்கு வந்தால் உங்களுக்கு வசதியோ?" அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. வந்து முன்வாசலில் நின்று, வேலை செய்யாத மணியை அழுத்திக்கொண்டே இருந்தார். சிவமலருக்கு அழுகை வந்துவிட்டது.

"இஞ்சாருங்கோ, அந்த மனுசனிட்டப் போய் மன்னிப்புக் கேட்டிட்டு வாங்கோ. இல்லாட்டி இந்த வீட்டில உங்களுக்குச் சோறு இல்லை."

குகதாசன் ஆர்ச்வேக்குப் போனார். கோயில் வாசலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தார் சித்தப்பா.

"பேர் வைச்சதில எனக்குக் கோவம் இல்லை" என்றார் அவர். "சொல்லாமல் வாறனான்தான், பின்வாசல்தான். ஆனால் அந்த மருமகனுக்கு மட்டும் முன்வாசலோ? அவன் என்ன பெரிய ஆளோ?"

"சித்தப்பா, முன்வாசலால வாறவனைத்தான் எல்லாரும் மறிச்சு விழுத்துறாங்கள். நீங்கள் வந்தால் ஒருத்தராலும் மறிக்க ஏலாது."

அம்பலவாணன் சப்பாத்து நாடாவைக் கட்டி முடித்தார். "அது உண்மைதான்" என்றார்.

அன்றுமுதல் மைதான ஓரத்தில் அவருக்கு ஒரு கதிரை போட்டார்கள். எதிரணிகள் அவரை ஒரு கண்ணால் கவனித்தே ஆடின.

1992இல் புல்டோசர்ஸ் வேறொரு அணியோடு சேர்ந்தது. அமெரிக்காவிலிருந்து தடித்த புத்தகத்தோடு வந்த புதிய பயிற்சியாளர் திரும்ப இலக்கங்களைக் கொண்டுவந்தார். குகதாசன் ஒரு கூட்டத்துக்குப் போனார், தேநீர் குடித்தார், கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார். கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. சலவைக்கடையை அவரே எடுத்து நடத்தத் தொடங்கிய ஆண்டு அது. இயந்திரங்களைத் தூக்கி வைக்கக் கொலின் வந்து நின்றான்.

ஆர்ச்வே மாடிப்படிகள் முழங்காலுக்கு ஒத்துவராமல் போக, அம்பலவாணன் 1994இல் கிங்ஸ்பரிக்கே குடிவந்தார். அதன்பிறகு தொலைக்காட்சி முன்னால் இருவருக்கும் ஓயாத சண்டை.

"எல்லாரையும் அனுப்படா! சம்பந்தி, சம்பந்தி!" என்று கதிரையில் அடிப்பார் சித்தப்பா.

"வீட்டைக் காக்க ஆள் வேண்டாமோ, சித்தப்பா?"

"நீ பயந்தாங்கொள்ளி!"

குசினிக்குள்ளிருந்து சிவமலர் சோறு ஆறுகிறது என்று கூப்பிடுவாள். இருவருக்கும் காது கேட்காது.