மும்தாஜ் மேடம் போட்ட கையெழுத்து

"அம்மா மௌத்தாயிட்டாங்க சார்" என்று கூனிமேட்டிலிருந்து மும்தாஜ் மேடத்தின் மகன் போனில் மரணச் செய்தி சொன்னபோது, கிளியனூரில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். ஆறுதலாக ஒரு வார்த்தை வரவில்லை. இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும், மேடத்தோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும், அவருக்கும் ஆறுதல் வார்த்தைகள் மேல் பெரிய மரியாதை கிடையாது.

மனைவியை அடித்துப் புகாரில் சிக்கிய ஆண்களுக்கு வாராவாரம் வகுப்பு நடத்துவது எங்கள் வேலை. அவர் பொறுப்பாளர், நான் ஆலோசகர். எல்லா வகுப்புக்கும் வந்தால் சான்றிதழ். அதைக் காட்டினால் வீட்டுக்குத் திரும்பலாம். அதுதான் அன்றைய விதி. யாராவது கண் கலங்கினால் நான் உருகிவிடுவேன். "அழுவுறத பார்த்து மார்க் போடாதப்பா" என்பார் மேடம்.

உப்பளத் தொழிலாளி ஒருவர் ஒரு வகுப்பைக்கூடத் தவறவிடவில்லை. சான்றிதழ் கொடுத்தோம். இரண்டு வாரம் கழித்து மேடம் என்னையும் கூட்டிக்கொண்டு, அவர் மனைவி வேலை செய்யும் உப்பளத்துக்கே போனார். சேலைக்கு மேல் போட்டிருந்த சட்டையின் கையை ஏற்றச் சொன்னார். தோளுக்குக் கீழே காயம்.

"உப்புப் புண்ணுங்க."

"நானும் இந்த ஊருதாம்மா. உப்பு காலைத் தின்னும், உள்ளங்கையைத் தின்னும். இங்க எப்படி ஏறுச்சு?"

அந்தப் பெண் கூடையை வைத்துவிட்டு அழுதார். அன்றே அவரை அக்கா வீட்டுக்கு அனுப்பிவைத்தோம்.

மறுநாள் மாவட்டக் கூட்டம். எங்கள் வகுப்பை மாவட்டம் முழுக்கக் கொண்டுபோக அன்றுதான் முடிவெடுக்க இருந்தார்கள். வழியெல்லாம் கெஞ்சினேன். "இன்னைக்கு மட்டும் சொல்லாதீங்க மேடம். ஆர்டர் வரட்டும், அப்புறம் சரி பண்ணிக்கலாம்."

"அதே ஆர்டரை வச்சிக்கினு இன்னும் எத்தினி பேரு வீட்டுக்குள்ள போவானுங்க, யோசிச்சியா?" என்றார்.

கூட்டத்தில் மேடம் எழுந்தார். "நாங்க கொடுத்த பேப்பரைக் காட்டித்தான் ஒரு ஆளு வீட்டுக்குப் போய் மறுபடி அடிச்சிருக்கான். கையெழுத்து என்னுது. வகுப்புக்கு வந்தானான்னு பார்த்தோம். அடி நின்னுச்சான்னு பொண்டாட்டியைத் தனியா கேக்கல."

அதிகாரி கோப்பை மூடினார். வகுப்பையே நிறுத்தச் சொல்லிவிட்டார். மேடத்தின் மேல் எனக்கு வந்த கோபம் பல மாதம் தணியவில்லை. அவரோ மனு மேல் மனு எழுதினார். வகுப்பு திரும்ப வந்தது, விதி மாறி வந்தது. கணவன் இல்லாத இடத்தில் மனைவியைக் கேட்காமல் இன்று யாருக்கும் சான்றிதழ் இல்லை.

ஒன்றை மட்டும் மேடம் அந்தக் கூட்டத்தில் சொல்லவில்லை. சான்றிதழுக்கு முன்பு அந்தப் பெண்ணை விசாரித்தவன் நான். கணவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "இப்ப நல்லா இருக்காராம்மா?" என்று கேட்டு, அவர் தலையாட்டியதை எழுதிக்கொண்டு வந்தேன். மேடத்துக்கு இது தெரியும். பழி முழுவதையும் தன்மேல் போட்டுக்கொண்டார்.

செய்த தப்பை நாலு பேர் முன்னால் தன் வாயால் சொல்வது, அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது. அவர் இருந்தவரை எனக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை. அன்று நடந்தது என் தப்பு, மேடம்.